பன்னிரண்டு மணி ஆராதனையும் மூன்று மணி ஷிப்டும்

நம் அலுவலகத்தின் முதல் கோப்பைத் திறந்தீர்களானால், முதல் தாளாக ஒரு சுற்றறிக்கை இருக்கும். ஸ்டென்சில் வெட்டி உருட்டி எடுத்தது. ஓரமெல்லாம் மஞ்சளாகிவிட்டது. பெரிய வெள்ளிக்கிழமை கூட்டு ஆராதனைக்கான அறிவிப்பு அது. அதன் ஏழாவது வரியின் கீழே சிவப்பு மையில் ஒரு கோடு இருக்கும். அந்தக் கோட்டைப் போட்டவள் நான். அந்த வரியைத் தட்டச்சு செய்தவளும் நான்தான். கோப்பை ஒழுங்குபடுத்துகிறேன் பேர்வழி என்று யாரும் அதை எடுத்து எறிந்துவிடாதீர்கள்.

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் நான்கு பேருக்கும் நான் வேலை சொல்லித்தரப் போவதில்லை. கடிதம் எழுதுவது, மண்டபம் பிடிப்பது, கூட்டக் குறிப்பு எடுப்பது எல்லாம் ஒரு மாதத்தில் தானாக வந்துவிடும். போதகர்களைத் தொலைபேசியில் பிடிப்பதற்கு மட்டும் இரண்டு மாதம் ஆகலாம். நான் சொல்ல உட்கார்ந்தது அந்தச் சிவப்புக் கோட்டின் கதையை. இருபது வருடமாக இதை யாருக்கும் முழுதாகச் சொன்னதில்லை. சொன்னால் என் பெயர் கெடும் என்று பயந்தேன். இப்போது ஓய்வு பெற்றாயிற்று, கெட்டால் கெடட்டும்.

எழுபதுகளின் கடைசியில் இங்கே தட்டச்சுக்காரியாக வந்தேன். பிரிக்பீல்ட்ஸில் ஒரு தையல் கடையின் மாடியில்தான் அப்போது அலுவலகம். கீழே மூன்று மெஷினும் ஒன்றாக ஓடினால் மேலே என் மேசையில் தேநீர் நடுங்கும். பிரிக்பீல்ட்ஸ் தொடங்கிக் கிள்ளான் வரையுள்ள ஏழு தமிழ்ச் சபைகள் சேர்ந்து அமைத்த ஐக்கியக் குழு என்று பெயர்ப்பலகை சொல்லும். உண்மையில் அவர்கள் சேர்ந்திருந்தது அந்தப் பலகையில் மட்டும்தான். மணி அடிக்கும் சபைக்காரர்கள் கைதட்டும் சபையைக் கண்டால் காதைப் பொத்துவார்கள். கைதட்டும் சபைக்காரர்கள் அங்கி போடும் சபையைப் பார்த்து, அங்கே ஜெபத்தையும் புத்தகத்தைப் பார்த்துத்தான் சொல்வார்கள் என்று கேலி செய்வார்கள். முழுக்கு ஞானஸ்நானம் கொடுக்கும் சபை மற்ற ஆறு சபைகளையும் இன்னும் நனையாதவர்கள் என்றே நினைத்தது. ஏழாவது சபை மேருவில் ஒரு கடைவீட்டு மாடியில் கூடியது. அதன் பாஸ்டர் வார நாட்களில் லோரி ஓட்டினார். அவரை மற்றவர்கள் பாஸ்டர் என்று கூப்பிடுவார்களே தவிர, ஐயா என்று கூப்பிட மாட்டார்கள்.

இவர்களை எந்த இடத்தில் ஒன்றாக உட்கார வைப்பது? கிறிஸ்துமஸ் அவரவர் சபையில். ஈஸ்டரும் அப்படியே. பெரிய வெள்ளி மட்டும் எல்லோருக்கும் ஒரே மாதிரி. பகல் பன்னிரண்டு முதல் மூன்று வரை மும்மணி ஆராதனை. சிலுவையில் இருந்தபடி ஆண்டவர் சொன்ன ஏழு வார்த்தைகளையும் ஒவ்வொன்றாகத் தியானிப்பது. ஏழு சபை, ஏழு வார்த்தை. கணக்கு தானாகப் பொருந்தியது. பொருந்திய கணக்கை ஒப்புக்கொள்ளவைக்க இரண்டு வருடம் ஆனது.

அந்த இரண்டு வருடமும் என்னென்ன பேசினார்கள் என்று கேட்டால் சிரிப்பீர்கள். டிரம்ஸ் கூடாது என்று ஒரு கூட்டம். அங்கி போடலாமா என்று இரண்டு கூட்டம். ஈஸ்டருக்கு முந்திய நாற்பது நாள் தபசு காலத்தில் அங்கிக்காரர்கள் அல்லேலூயா சொல்வதில்லை, ஈஸ்டர் காலைக்காக வைத்திருப்பார்கள். கைதட்டும் சபைப் பாஸ்டருக்கோ அது மூச்சு மாதிரி. அன்று ஒரு நாள் மட்டும் அடக்கிக்கொள்கிறேன் என்று அவர் கையெழுத்து வைக்காத குறையாக உறுதி கொடுத்தார். யாருக்கு எந்த வார்த்தை என்பதில் சண்டை வரும்போல இருந்ததால் சீட்டுக் குலுக்கினோம். எல்லோருக்கும் முதல் வார்த்தை வேண்டும், இல்லாவிட்டால் கடைசி வார்த்தை வேண்டும். எல்லோரிலும் மூத்தவரான மணி அடிக்கும் சபை ஐயாவுக்கு வந்தது ஐந்தாவது. தாகமாயிருக்கிறேன் என்று ஆண்டவர் சொன்ன வார்த்தை, ஏழிலும் மிகச் சிறியது.

மூத்த ஐயா யாழ்ப்பாணத்துக் குடும்பம், பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவாட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவர். சீட்டை என் மேசையில் வைத்துவிட்டு என்னையே பார்த்தார்.

“என்ன பிள்ளை, எனக்கு வந்தது ஒரு சொட்டு வார்த்தை. இதை வைச்சுக்கொண்டு இருபது நிமிசம் என்னத்தைக் கதைக்கிறது?”

“நான் குலுக்கினதுதான் ஐயா, எழுதினது நான் இல்ல” என்றேன். அவர் சிரிக்கவில்லை.

ஏழு சபையிலிருந்தும் ஆள் எடுத்து ஒரு பாடகர் குழு சேர்த்தோம். அதில் மேரு சபையிலிருந்து வந்தவள் எஸ்தர். இருபத்து மூன்று வயது. தெலுக் பங்லிமா காராங்கில் ரேடியோ பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் லைனில் வேலை. ஞாயிறு மதியம் இரண்டு பஸ் மாறி பிரிக்பீல்ட்ஸுக்குப் பயிற்சிக்கு வருவாள். அவள் வாய் திறந்தால் கீழே தையல்காரர் மெஷினை நிறுத்திவிடுவார். மூன்றாம் வார்த்தை, அதாவது சிலுவையிலிருந்தபடி தாயைச் சீடனிடம் ஒப்படைக்கிற இடம். அதற்குப் பின் வரும் பாட்டை அவள் தனியாகப் பாடுவது என்று முடிவானது. சபைகள் எந்தத் தர்க்கமும் இல்லாமல் ஒப்புக்கொண்ட ஒரே தீர்மானம் அதுதான்.

ஆனால் பயிற்சிக்கு மற்றவர்கள் ஒழுங்காக வரவில்லை. ஒரு வாரம் பத்துப் பேர், மறு வாரம் ஆறு பேர். எனக்குக் கோபம் வந்தால் தட்டச்சு வேகம் கூடும். சுற்றறிக்கையின் ஏழாவது வரியை அந்த வேகத்தில்தான் அடித்தேன். பாடகர் குழுவினர் அனைவரும் அன்று விடுப்பு எடுத்துக் கட்டாயம் வர வேண்டும், இயலாதவர்கள் இப்போதே குழுவிலிருந்து விலகிக்கொள்ளவும் என்று எழுதினேன். யாரிடமும் காட்டவில்லை. உருட்டி, மடித்து, தபாலில் சேர்த்தேன்.

நம் பக்கத்தில் பெரிய வெள்ளிக்கு விடுமுறை கிடையாது. எனக்கு அது தெரியாதா? தெரியும். ஆனால் சபை அலுவலகத்தில் வேலை செய்கிறவளுக்குப் பெரிய வெள்ளி என்றைக்கும் விடுமுறைதான். எனக்கு வலிக்காத இடத்தில் நான் அழுத்திப் பார்க்கவில்லை.

ஆராதனை நன்றாக நடந்தது. இன்று நினைத்தாலும் அந்தச் சந்தோஷம் பொய் என்று சொல்லமாட்டேன். ஏழு பேரும் ஒரே மேடையில் உட்கார்ந்தார்கள். கைதட்டும் சபைப் பாஸ்டர் பேசும்போது நான்கு தடவை அல்லேலூயா வாய் தவறி வந்துவிட்டது. நான்கு என்று எண்ணிச் சொன்னவர் மூத்த ஐயா. அவரே தாகத்தைப் பற்றிப் பேச ஒன்றும் இல்லாமல் யூதேயா நாட்டுக் கிணறுகளின் ஆழத்தைப் பற்றி இருபத்தைந்து நிமிடம் பேசினார். எஸ்தர் பாடியபோது மண்டபத்தில் விசிறிச் சத்தம் தவிர வேறு சத்தம் இல்லை. முடிந்ததும் எல்லோரும் வரிசையில் நின்று கஞ்சி குடித்தோம். எஸ்தர் மட்டும் நிற்காமல் பஸ்ஸுக்கு ஓடினாள். அவசரம் போல என்று நினைத்துக்கொண்டேன்.

ஈஸ்டர் முடிந்த செவ்வாய்க்கிழமை மேரு பாஸ்டர் மாடிப்படி ஏறி வந்தார். லோரியைத் தெருவில் குறுக்கே நிறுத்திவிட்டு வந்திருந்தார், கீழே யாரோ ஹார்ன் அடித்துக்கொண்டே இருந்தார்கள். சட்டைப் பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து என் மேசையில் வைத்தார்.

“சிஸ்டர், எஸ்தர வேலைய விட்டு நிறுத்தப் போறாங்க. லீவு கேட்டுருக்கா, குடுக்கல. குடுக்காமயே வந்துட்டா.”

கடிதம் தொழிற்சாலையிலிருந்து வந்தது. அனுமதியின்றி வேலைக்கு வராததற்கு வியாழக்கிழமைக்குள் விளக்கம் தர வேண்டும், தவறினால் வேலை நீக்கம். அவள் இன்னும் தகுதிகாண் காலத்தில் இருந்தாள். வேலை நிரந்தரமாக மூன்று வாரம்தான் பாக்கி. அப்பா இல்லை, அம்மாவுக்கு நடக்க முடியாது, தம்பி பள்ளியில் ஐந்தாம் படிவம். அந்த வீட்டில் வேலைக்குப் போகிறவள் அவள் ஒருத்திதான். அதையெல்லாம் மேரு பாஸ்டர் சொல்லித்தான் நான் தெரிந்துகொண்டேன். ஆறு மாதமாக ஞாயிறு தோறும் என் முன்னால் நின்று பாடிய பெண்ணைப் பற்றி, அவள் குரல் எவ்வளவு உயரம் போகும் என்பதைத் தவிர எனக்கு ஒன்றும் தெரிந்திருக்கவில்லை.

அன்று மாலையே அவசரக் கூட்டம். ஏழு போதகர்களும் நேரத்துக்கு வந்தார்கள். அதுவே முதல் அதிசயம். இரண்டு வருடம் ஒரு டிரம்ஸுக்காகச் சண்டை போட்டவர்கள் அன்று ஒரே குரலில் கொதித்தார்கள். வழிபடும் உரிமையைத் தொழிற்சாலை பறித்துவிட்டது, பேசாமல் இருந்தால் நாளைக்கு எல்லோரையும் மிதிப்பார்கள், மேலிடம் வரை கொண்டுபோக வேண்டும் என்றார்கள். அவர்கள் சொல்லச் சொல்ல நான் தட்டச்சு செய்தேன். கடுமையான கடிதம். ஏழு கையெழுத்து, ஏழு முத்திரை. அதுவரை எங்கள் கூட்டக் குறிப்பில்கூட ஏழு பேரும் சேர்ந்து கையெழுத்திட்டதில்லை, யாராவது ஒருவர் முறைத்துக்கொண்டு போயிருப்பார். மை காயட்டும் என்று கடிதத்தை விசிறிக்குக் கீழே வைத்தார்கள். மறுநாள் நானும் மேரு பாஸ்டரும் நேரில் கொண்டுபோய்க் கொடுப்பது என்று முடிவானது.

மறுநாள் லோரியில் முன்பக்கம் உட்கார்ந்து கிள்ளான் வழியாகப் போனோம். பின்னால் பலகைகள் ஏற்றியிருந்தார், போகிற வழியில் இறக்க வேண்டுமாம். கடிதம் என் பையில். கூடவே, ஏன் என்று தெரியாமலே, என் சுற்றறிக்கையின் பிரதியையும் எடுத்து வைத்திருந்தேன்.

“இந்த லெட்டர குடுத்தா என்ன ஆகும் சிஸ்டர்?” என்றார் பாஸ்டர், பாதையைப் பார்த்தபடியே.

“பயப்படுவாங்க.”

“பயந்தா?”

நான் பையைத் திறந்து கடிதத்தை ஒரு தடவை பார்த்துக்கொண்டேன்.

“பத்து வருஷமா பேக்டரி வாசல்ல சாமான் எறக்குறேன். பயந்தா என்ன செய்வாங்க தெரியுமா? இன்னும் ரெண்டு காகிதம் எழுதி பைல்ல போட்டுக்குவாங்க. அந்தப் புள்ள பேர்லதான் போடுவாங்க, நம்ம பேர்ல இல்ல.” அவ்வளவுதான் சொன்னார். அப்புறம் பலகை இறக்கும் இடம் வந்துவிட்டது.

தொழிற்சாலையில் எங்களை லைன் சூப்பர்வைசர் தனபாலன் என்பவரிடம் அனுப்பினார்கள். அவர் எழுதிக் கொடுப்பதில்தான் மேனேஜர் கையெழுத்துப் போடுவாராம். நெற்றியில் திருநீறு, பையில் மூன்று பேனா. முகம் தூங்காத முகம்.

“சர்ச்சுலேருந்தா? உக்காருங்க. லெட்டர் கொண்டாந்திருப்பீங்களே?” என்று கையை நீட்டினார்.

அந்த நீட்டிய கையைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். யோசிக்க நேரம் இல்லை. ஏழு போதகர்கள் கையெழுத்திட்டதைக் கொடுக்கத்தான் என்னை அனுப்பியிருக்கிறார்கள். நான் சம்பளம் வாங்கும் தட்டச்சுக்காரி, தீர்மானம் எடுக்கிறவள் இல்லை. ஆனால் அந்தக் கடிதத்தில் ஒரு பொய் இருந்தது. எல்லாக் குற்றமும் தொழிற்சாலையின் பேரில் இருந்தது. அந்தப் பெண்ணை விடுப்பில்லாமல் வரவைத்தவள் பையைத் திறந்துகொண்டு அங்கே உட்கார்ந்திருந்தாள். கடிதத்தை விட்டுவிட்டு, பக்கத்திலிருந்த சுற்றறிக்கையை எடுத்து அவர் கையில் வைத்தேன்.

“இது என்னா?”

“நான் அடிச்சது சார். ஏழாவது வரிய படிங்க.”

படித்தார். இன்னொரு தடவை படித்தார். “லீவு எடுத்துக் கட்டாயம் வரணும். முடியலன்னா வெலகிக்கணும். யாரு எழுதுனது?”

“நான்தான். கேக்கறவங்களுக்கு லீவு கெடைக்குமான்னு நான் யோசிக்கல. அந்தப் பொண்ணு பேர்ல பாதித் தப்புதான் சார். மீதிய எங்க பேர்ல எழுதிக்குங்க.”

மேரு பாஸ்டர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

தனபாலன் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். “இந்த நாற்காலியில உக்காந்து அழுதிருக்காங்க, மெரட்டியிருக்காங்க. தப்பு என்னோடதுன்னு சொல்லிக்கிட்டு இன்னிக்கு வரைக்கும் ஒருத்தரும் வந்ததில்ல லா.” பிறகு எழுந்து கண்ணாடிச் சன்னலைக் காட்டினார். “இங்க வாங்க. கேன்டீன பாருங்க. படிக்கட்டுக்குக் கீழ நீள பெஞ்சு. எண்ணுங்க.”

நீலச் சட்டையும் தலையில் வெள்ளைத் தொப்பியுமாகப் பெண்கள் சாப்பாட்டுப் பொட்டலங்களைப் பிரித்துவைத்து, கண்ணை மூடித் தலை குனிந்திருந்தார்கள். பதினொரு பேர். நடுவில் எஸ்தர். இன்னும் இரண்டு முகங்கள் எனக்குத் தெரிந்தவை. மூத்த ஐயாவின் சபைக் குடும்பங்களைச் சேர்ந்த பிள்ளைகள்.

“எல்லாம் உங்க ஆளுங்கதான். தெனமும் இப்படித்தான், சேந்து கும்புட்டுட்டுத்தான் சாப்பிடுவாங்க. ஒரே சர்ச்சுன்னுதான் நான் நெனச்சிக்கிட்டிருந்தேன். எஸ்தர்தான் சொன்னா, அஞ்சு சர்ச்சாம். அந்தப் பதினொரு பேருல லீவு கேட்டது அவ ஒருத்திதான். மத்தவங்களுக்கு ஆசை இல்லாமலா? கேட்டா கெடைக்காதுன்னு தெரியும், கேக்கல. எனக்கும் மேல ஆளு இருக்கான் மேடம். சரக்கக் கப்பல்ல ஏத்தற வாரம் அது.”

நாங்கள் இரண்டு வருடம் கூட்டம் போட்டு ஒன்றுசேர்க்கப் பார்த்த சபைகள், அங்கே ஒரு பெஞ்சில் உட்கார்ந்து ஒரே பொட்டலத்திலிருந்து பகிர்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தன. அவர்களைத்தான் எங்கள் ஆராதனைக்கு வர முடியாதபடி வெளியே வைத்திருந்தோம். காலை ஷிப்ட் முடிவது மூன்று மணிக்கு. அடுத்த ஷிப்ட் தொடங்குவதும் மூன்று மணிக்கு. இரவு ஷிப்ட்காரர்கள் பகலில் தூங்குவார்கள். இந்த நேரத்தைக் குறித்தவர்கள் வேண்டுமென்றே திட்டம் போட்டிருந்தாலும் இவ்வளவு கச்சிதமாக எல்லோரையும் விலக்கியிருக்க முடியாது. எனக்கு வெட்கமாக இருந்தது.

“சரி, அடுத்த வருஷம் என்ன செய்வீங்க?” என்றார் தனபாலன். “நீங்க இதே தாள மறுபடியும் அடிப்பீங்க. நான் அதே லெட்டர இன்னொரு புள்ளைக்கு அடிப்பேன்.”

“இல்ல சார். அடுத்த வருஷம் யாரும் லீவு எடுக்காம வர்ற மாதிரி நேரத்த மாத்திடுவோம்.”

வாயிலிருந்து வந்துவிட்டது. பாஸ்டர் இருமினார்.

“மாத்தற அதிகாரம் உங்களுக்கு இருக்கா?”

“இல்ல சார்.”

அப்போதுதான் அந்த மனிதர் சிரித்தார். “வார்னிங் லெட்டரோட விடச் சொல்லி எழுதறேன். வேல இருக்கும். ஆனா நீங்க சொன்னத நான் மறக்க மாட்டேன்.”

வெளியே வரும்போது எஸ்தரை இரண்டு நிமிடம் பார்க்க விட்டார்கள். வேலை போகாது என்றதும் அப்படியே என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். லீவு கிடைக்கவில்லை என்று ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன்.

“வர முடியலன்னா வெலகிக்கணும்னு போட்டிருந்தீங்களே அக்கா. வெலக மனசு வரல.”

அந்த ஏழாவது வரியின் கீழே அன்று மாலை அலுவலகம் திரும்பியதும் சிவப்புக் கோடு போட்டேன்.

லோரியில் வரும்போது மேரு பாஸ்டர் கேட்டார்: “ஏழு பேர்கிட்ட யாரு சொல்றது சிஸ்டர்?”

“உங்களுக்குத் தெரிஞ்சு போச்சு. ஆறு பேர்தான் பாக்கி.”

அவர் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் வேலை போய்விடும் என்றே நினைத்தேன். மறுநாள் மேசை இழுப்பறையிலிருந்த என் சொந்தச் சாமான்களை ஒரு பையில் எடுத்து வைத்துவிட்டேன்.

கூட்டம் கூடியது. எஸ்தருக்கு வேலை நிலைத்தது என்றதும் எல்லோருக்கும் மகிழ்ச்சி. கடிதத்தின் பலம் என்று ஒருவர் தோளை நிமிர்த்தினார்.

“கடிதத்தை வாசிச்சிட்டு என்ன சொன்னவர்?” என்று மூத்த ஐயா கேட்டார்.

“கடிதம் என் பையில இருக்கு ஐயா.”

நடந்ததை மறைக்காமல் சொன்னேன். சுற்றறிக்கையைக் காட்டியதையும், மன்னிப்புக் கேட்டதையும், கேட்காமலே வாக்குக் கொடுத்ததையும் சொன்னேன். அடுத்த கால் மணி நேரம் அந்த மாடி எப்படி இருந்தது என்று விவரிக்க வேண்டாம், உங்களுக்கே இனி அனுபவம் வரும். பன்னிரண்டு முதல் மூன்று என்பது சிலுவையின் நேரம், அதை ஒரு ரேடியோ தொழிற்சாலைக்காக மாற்றுவதா என்றார் ஒருவர். ஒரு தட்டச்சுக்காரி ஏழு சபைகளின் பேரில் மன்னிப்புக் கேட்பதா என்றார் இன்னொருவர். இரண்டாவது கேள்வி நியாயமானது. இன்றும் அதற்கு என்னிடம் சரியான பதில் இல்லை. மேரு பாஸ்டர் மட்டும், சிஸ்டர் கொடுத்த வாக்குக்கு நானும் சாட்சி என்றார். மற்றவர்கள் அவரைக் கண்டுகொள்ளவில்லை.

மூத்த ஐயா என் பக்கம் திரும்பினார். பிறகு என்னைக் கேட்டார்: “அந்தப் பதினொரு பேரிலை எங்கடை பிள்ளையளும் இருக்கினமோ?”

“ரெண்டு பேர் ஐயா.” பெயர்களைச் சொன்னேன்.

அவர் முகம் மாறியது. அந்த இரண்டு பெண்களும் ஒரு வருடமாக ஆராதனைக்கு ஒழுங்காக வருவதில்லை. விசுவாசத்தில் குளிர்ந்துபோன பிள்ளைகள் என்று பெயர் சொல்லாமல் பிரசங்கத்திலேயே அவர்களைக் குறிப்பிட்டிருந்தாராம். அதை அவரே எல்லோர் முன்னாலும் சொன்னார். ஒவ்வொரு நாளும் பெஞ்சில் ஜெபம் செய்கிற பிள்ளைகளையா அப்படிச் சொன்னேன் என்று கேட்டபோது அவர் குரல் உடைந்தது. அந்த மனிதரை அதற்கு முன் நான் அப்படிப் பார்த்ததில்லை.

பிறகு நிதானமாகச் சொன்னார்: “அண்டைக்கு அவர் தாகம் எண்டு கேட்க, ஆர் எடுத்துக் குடுத்தது? டியூட்டியிலை நிண்ட சிப்பாய். வேலையை விட்டிட்டு வந்து நிண்டு பார்த்தவை ஒருத்தரும் குடுக்கேல்லை. இருபத்தைஞ்சு நிமிசம் கிணத்தைப் பற்றிக் கதைச்சன், இது எனக்கு விளங்கேல்லை. நேரத்தை மாத்துங்கோ.”

அதன்பிறகு தர்க்கம் இல்லை. முழுக்குச் சபை போதகர்தான் முதலில், எந்த மண்டபம் என்று கேட்டார்.

அடுத்த பெரிய வெள்ளி தெலுக் பங்லிமா காராங்கில் நடந்தது. தொழிற்சாலை வாசலிலிருந்து நடந்து போகும் தூரத்தில் ஒரு சீனர் சங்கத்தின் மண்டபத்தை எடுத்தோம். ஏழு வார்த்தைகளை ஷிப்டுக்கு ஏற்றபடி பிரித்தோம். முதல் நான்கு வார்த்தைகள் உள்ளே போகிறவர்களுக்கு, இரண்டரை மணிக்குள் முடித்துவிட்டோம். கடைசி மூன்றும் வெளியே வருகிறவர்களுக்கு, மூன்றேகாலுக்குத் தொடங்கின. நடுவில் இருந்த முக்கால் மணி நேரத்தில் ஏழு போதகர்களுக்கும் செய்ய ஒன்றும் இல்லை. சும்மா உட்காரத் தெரியாத அந்த ஏழு பேரும் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு சமையல்கட்டுக்குள் போனார்கள். கைதட்டும் சபைப் பாஸ்டர் கஞ்சியைக் கிளற, முழுக்குச் சபை போதகர் அடுப்பை ஊதினார். மேரு பாஸ்டரைப் பார்த்து மூத்த ஐயா, “ஐயா, அந்தப் பெரிய வாளியை ஒருக்காத் தூக்கித் தாங்கோ” என்றார். ஐயா என்று கூப்பிட்டதை நான் மட்டும்தான் கவனித்தேன் என்று நினைத்தேன். மேரு பாஸ்டர் வாளியைத் தூக்காமல் ஒரு நொடி அப்படியே நின்றதைப் பார்த்து, அவரும் கவனித்துவிட்டார் என்று தெரிந்துகொண்டேன்.

அந்த வருடம் ஐந்தாம் வார்த்தைக்குச் சீட்டுப் போடவேண்டாம், அது எனக்கே இருக்கட்டும் என்று மூத்த ஐயா முன்பே சொல்லியிருந்தார். மூன்று மணிக்குத் தொழிற்சாலைச் சங்கு ஊதியது. அவர் வெள்ளைச் சட்டையோடு மண்டப வாசலில் வந்து நின்றார். பக்கத்தில் பெரிய வாளி நிறையப் பார்லி தண்ணீர். தொழிற்சாலையிலிருந்து வந்த பெண்கள் நேர அட்டையைக் குத்திய கையோடு, தொப்பியைக்கூடக் கழற்றாமல் வெயிலில் நடந்து வந்தார்கள். அந்தப் பதினொரு பேர் மட்டுமா, முப்பது நாற்பது பேர் இருப்பார்கள். சும்மா அந்தப் பக்கம் போனவர்களும் நின்றார்கள். தொழிற்சாலை பஸ் ஓட்டும் மலாய்க்காரப் பெரியவர் ஒருவர் இரண்டு தம்ளர் குடித்தார். யார், எந்தச் சபை, சாமி கும்பிடுகிறவர்களா இல்லையா என்று யாரும் கேட்கவில்லை. ஐயாவே மொண்டு ஒவ்வொருவர் கையிலும் கொடுத்தார். அவருடைய சபைப் பெண்கள் இருவரும் வந்தபோது தம்ளரை நீட்டிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். அவர்கள் ஏன் என்று புரியாமல் சிரித்தார்கள்.

எல்லோரும் உள்ளே உட்கார்ந்ததும் ஐயா மேடைக்குப் போனார்.

“எல்லாரும் குடிச்சிட்டியளோ?”

“குடிச்சிட்டோம் ஐயா” என்றார்கள்.

“அதுதான் ஐந்தாம் வார்த்தை” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

கைதட்டும் சபைப் பாஸ்டர் தாங்க முடியாமல் மண்டபம் அதிர அல்லேலூயா என்றார். மூத்த ஐயா இந்தத் தடவை எண்ணவில்லை. நீலச் சட்டையோடே எஸ்தர் எழுந்து ஐந்தாம் வார்த்தைக்குரிய பாட்டைப் பாடினாள். கடைசி வரிசையில், கதவோரம், பார்லி தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு தனபாலன் நின்றிருந்தார். அவள் முடிக்கும்வரை அவர் அதைக் குடிக்கவில்லை.

அதற்குப் பிறகு மும்மணி ஆராதனை எத்தனையோ இடங்களில் நடந்துவிட்டது. மேருவில் நடந்தது, அம்பாங்கில் நடந்தது. இடம் மாறினாலும் ஒரு வழக்கம் மாறவில்லை. அந்தந்த வட்டாரத்தில் வேலைக்குப் போகிறவர்கள் எப்போது வெளியே வருகிறார்கள் என்று கேட்டுவிட்டுத்தான் நேரம் குறிப்போம். நம் குழு செய்த பெரிய காரியம் என்று வெளியே பலவற்றைச் சொல்வார்கள். என்னைக் கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

சுற்றறிக்கைக்குப் பின்னால் ஒட்டாத உறை ஒன்று இருக்கும். அதுதான் அந்தக் கடிதம். பிரித்துப் பாருங்கள், ஏழு முத்திரையும் இன்னும் அழியவில்லை. எங்கள் ஏழு சபைகளும் முதன்முதலாக ஒன்றாகக் கையெழுத்திட்ட தாள் அதுதான். அதைக் கொடுக்காமல் வந்ததற்காக இன்றுவரை எனக்கு வருத்தம் இல்லை. நீங்களும் இப்படி மேலிடத்துக்குத் தெரியாமல் செய்யுங்கள் என்று நான் சொல்லவில்லை. செய்தால் திரும்பி வந்து ஒளிக்காமல் சொல்லுங்கள், அவ்வளவுதான்.

எஸ்தர் வேலையில் நிரந்தரமானாள், லைன் லீடர் ஆனாள். தனபாலன் ஓய்வு பெற்ற பிறகு அவருடைய நாற்காலியில் இப்போது அவள்தான் உட்கார்ந்திருக்கிறாள். ஷிப்ட் பட்டியல் போடுவது அவள். வருடம் பிறந்ததும் என்னைத் தொலைபேசியில் கூப்பிட்டு, “அக்கா, பெரிய வெள்ளி எப்போ? பட்டியல் போடணும்லா” என்பாள். நான் ஓய்வு பெறுகிறேன் என்று சொன்னதும் அவளுக்கு வந்த முதல் கவலை, இனி யார் நேரம் கேட்பார்கள் என்பதுதான். உங்கள் நான்கு பேர் பெயரையும் சொல்லியிருக்கிறேன்.

அவள் எண்ணைக் கோப்பின் உள் அட்டையில் எழுதி வைத்திருக்கிறேன். எந்தக் கூட்டத்துக்கும் நேரத்தைத் தட்டச்சு செய்யும் முன் அவளைக் கூப்பிட்டுக் கேளுங்கள். மூன்று மணிக்கு முன்னால் கூப்பிடாதீர்கள், வேலையில் இருப்பாள்.